விடாத ஆமியும் ஓடாத கிருஷ்ணகுமாரும்

எங்கள் தெல்ஓயாத் தோட்டத்துக் கிருஷ்ணகுமார் பதினைந்து வருடமும் மூன்று மாதமும் ஆமியில், அதாவது இலங்கை இராணுவத்தில், இருந்தார். அதில் பன்னிரண்டு வருடத்துக்கு அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். மிச்சத்தை ஆமி தானாகவே எடுத்துக்கொண்டது. இத்தனை காலத்திலும் பயிற்சித் திடலுக்கு வெளியே அவர் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. பியூகிள் ஊதுவதுதான் அவருடைய உத்தியோகம். காலையில் ஆட்களை எழுப்ப ஊதினார், இரவில் படுக்கவைக்க ஊதினார், செத்தவர்களை அனுப்பிவைக்க ஊதினார்.

நான் அவர்கள் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகளில், பக்கத்துக் காம்பராக்காரன். பாதிக் கதை சுவர் வழியாகவே என் காதுக்கு வந்துவிட்டது. மீதியை அவரே சொன்னார்.

தொண்ணூற்று நான்கில் ஒரு தமிழன், அதுவும் தோட்டத்துத் தமிழன், எப்படி ஆமிக்குள் போனான் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்குமேல் படிக்க வேண்டுமானால் யட்டியாந்தோட்டையில் இருந்த சிங்களப் பள்ளிக்கூடம்தான். குமார் அங்கே போய்ச் சிங்களத்தில் கணக்குப் போட்டார், சிங்களத்தில் அடி வாங்கினார், பள்ளிக்கூட பேண்ட் வாத்தியக் குழுவில் சேர்ந்து பியூகிளும் பழகினார். அதே பேண்டில் பெரிய டிரம் அடித்தவன் காமில். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவருடைய மகன். பரீட்சையில் இருவரும் ஒன்றாகவே கோட்டை விட்டார்கள். கேகாலையில் ஆமிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரே பஸ்ஸில் போனார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி குமாருடைய பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தமிழனா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஆமா சேர்."

"பியூகிள் ஊதுவாய் என்று எழுதியிருக்கிறாயே, உண்மையா?"

"ஊதுவேன் சேர்."

இனப்பிரச்சினை அந்த மேசையில் அப்போதே தீர்ந்துவிட்டது. அந்தப் படைப்பிரிவின் பியூகிள்காரன் போன மாதம்தான் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருந்தான். டிரம் அடிப்பவனுக்கும் இடம் இருந்தது. ஆகஸ்ட் பதினோராம் திகதி இருவரும் பன்னிரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பா ஐயாவு ரப்பர்ப் புகைக்கூடத்தில் வேலை முடித்து, கண் சிவந்து வந்து உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பக்கமும் நம்மள சந்தேகப்படுறானுக. நீ எந்தப் பக்கம்டா போயி நிக்கப்போற?" என்றார்.

"பேண்டுலதான்பா. நடுவுல நிப்பேன்."

அம்மா மூக்காயி ஒரு நாள் முழுக்க அழுதாள். அடுத்த நாள் காலையில் மூக்கைச் சிந்திவிட்டு, "சப்பாத்து குடுப்பானுகளாடா?" என்று கேட்டாள். இரண்டு சோடி கொடுப்பார்கள் என்றதும் அழுகை அடங்கிவிட்டது. தோட்டத்தில் அட்டைக்கடியோடு வெறுங்காலில் நடப்பவர்களுக்கு இரண்டு சோடி சப்பாத்து சின்ன விஷயமில்லை.

முகாமில் குமாரைப் பிடித்தவர்கள் குறைவு. தமிழன் என்பதற்காக இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்புபவனை எந்த இனத்துக்காரனுக்கும் பிடிக்காது. ஜன்னல் வழியாக அவர்மேல் செருப்பு வந்து விழுந்திருக்கிறது, ஒரு தடவை பாதி சீவிய தேங்காய் வந்திருக்கிறது. ஆனால் செத்தவீட்டில் அவர் ஊதினால், செருப்பு எறிந்தவனே தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைப்பான். பேண்ட் மாஸ்டர் ஒரு கட்டை மீசைக்காரர். "வாசிக்கிறவனுக்கு அழுகை வரக்கூடாது, கேட்கிறவனுக்கு வராமல் இருக்கக் கூடாது" என்பது அவருடைய சட்டம். குமார் அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. ஊதும்போது இரவுச் சாப்பாட்டுக்குக் கத்தரிக்காயா பூசணிக்காயா என்று யோசிப்பாராம்.

காமிலுக்கு இதெல்லாம் சரிவரவில்லை. இரண்டு வருடத்தில் லீவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை. புளத்கொகுபிட்டியவில் இருந்த மாமா வீட்டின் கொறக்காய்ப் புளி மூட்டைகளுக்குப் பின்னால் கொஞ்ச காலம் இருந்தான். பிறகு தாடி வளர்த்துக்கொண்டு வெளியே வந்தான். பிறகு தாடியையும் எடுத்துவிட்டான். யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஓடிப்போனவர்களுக்கெல்லாம் பொதுமன்னிப்பு என்று ஒரு அறிவித்தல் வந்தது. காமில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்று, ஆமியிலிருந்து சட்டப்படி விலக்கப்பட்டதாக முத்திரை குத்திய கடிதத்தோடு மத்தியானச் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துவிட்டான். அதைக் கண்ணாடி போட்டுக் கடைச் சுவரில் மாட்டினான்.

குமார் ஓடவில்லை. பயமா, நேர்மையா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. "கையெழுத்துப் போட்டுட்டோம்ல" என்பார். இரண்டாயிரத்து ஒன்றில் கஹவத்தைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து விஜயகலாவைக் கட்டிக்கொண்டு வந்தார். அவள் இங்கே ரப்பர்ப் பால்வெட்டுக்குப் பெயர் கொடுத்தாள். இரண்டு வருடத்தில் கோகிலா பிறந்தாள். அப்போது சமாதான காலம். சாவு குறைந்து, பியூகிளுக்கும் வேலை குறைந்திருந்தது. லீவில் வரும்போதெல்லாம் குமார் மனைவியிடம் ஒரே கணக்கைத்தான் சொல்வார்.

"ரெண்டாயிரத்தி ஆறு, ஆகஸ்ட் பத்து. அன்னையோட சரி. காமிலோட மாமா பஸ்ஸுல கண்டக்டர் வேல. ராவைக்கு வீட்டுல சோறு."

விஜயகலா அந்தத் திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்தாள். அந்த வருடக் கலண்டர் இன்னும் அச்சாகியிருக்கவில்லை. அதனால் கையிலிருந்த பழைய கலண்டரிலேயே போட்டாள்.

இரண்டாயிரத்து ஆறு வந்தது. ஜூலைக் கடைசியில் கிழக்கே எங்கேயோ ஒரு மடைக் கதவை மூடிவிட்டார்களாம், சண்டை தொடங்கிவிட்டதாம் என்று ரேடியோ சொன்னது. எங்கள் தோட்டத்துக்கும் அந்த மடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாங்கள் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்தோம்.

முகாமில் குமாருக்குப் பிரியாவிடை நடந்தது. கேக் வெட்டினார்கள். பேண்ட் மாஸ்டர் பேசினார். அன்பளிப்பாக ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். இங்கே ஆகஸ்ட் பத்தாம் திகதி மூக்காயி வளர்த்த சேவலை அடித்தாள். கோகிலாவுக்குப் புதுச் சட்டை. நாங்கள் ஏழெட்டுப் பேர் மாலையோடு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனோம். மூன்று பஸ் வந்தது. மூன்றிலிருந்தும் யார் யாரோ இறங்கினார்கள். மாலையைப் பார்த்து ஒரு இன்ஷூரன்ஸ்காரர் தனக்குத்தான் என்று கழுத்தை நீட்டக்கூடப் பார்த்தார். கடைசியில் காமில் முச்சக்கர வண்டியில் வந்து சேர்ந்தான்.

"மச்சான் போன்ல பேசின. வரமாட்டானாம்" என்றான். "விடுதலைய நிப்பாட்டிட்டாங்களாம். மறு அறிவித்தல் வரைக்கும் ஆரையும் விட ஏலாதாம்."

"மறு அறிவித்தல்னா எப்ப?" என்று விஜயகலா கேட்டாள்.

"அத அறிவிக்கல்லியே."

சேவல் வெந்துவிட்டிருந்தது. ஒத்திவைக்க முடியாதது அது ஒன்றுதான். எல்லோரும் சாப்பிட்டோம். எனக்குத் தொடை கிடைத்தது என்பதை இப்போது சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முகாமில் என்ன நடந்தது என்றால், கடிகாரத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு குமார் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த கிளார்க் சுற்றறிக்கையைக் காட்டினான்.

"என் காலம் முடிந்துவிட்டதே" என்றார் குமார்.

"முடிந்துவிட்டது, யார் இல்லை என்றார்கள்? காலம்தான் முடிந்தது, தேவை முடியவில்லை."

"நான் கையெழுத்துப் போட்டது பன்னிரண்டு வருடத்துக்கு."

"இனிமேல் கையெழுத்தே தேவையில்லை. உனக்கு அதுவும் லாபம்தானே?"

எப்போது விடுவார்கள் என்று கேட்டதற்கு அவன் "பலமு" என்றான். சிங்களத்தில் 'பலமு' என்றால் 'பார்ப்போம்'. பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சாயங்காலம் பேண்ட் மாஸ்டர் வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு கடிகாரத்தைத் திரும்பக் கேட்டார். போகாதவனுக்குப் பிரியாவிடைப் பரிசு எப்படி? அடுத்த வாரம் மாற்றலாகிப்போன ஒரு மேஜருக்கு அதே கடிகாரத்தை, அதே துணியோடு கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து குமார் மனு எழுத ஆரம்பித்தார். மூன்று மாதத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே பதில், சிவப்பு மையில்: சிபாரிசு செய்யப்படவில்லை. பேண்ட் மாஸ்டரிடம் நேரே கேட்டால், "நீ போனால் யார் ஊதுவது? புதுப் பையன் ஊதினால் பெட்டிக்குள் இருப்பவன் எழுந்து வந்து காதைப் பொத்துவான்" என்பார். புகழ்ச்சியால் ஒரு மனிதனைச் சிறை வைக்க முடியும் என்று குமார் அப்போதுதான் கண்டுகொண்டார்.

லீவில் வருவதும் லேசாக இல்லை. ஒரு தடவை அவிசாவளைக்குக் கிட்ட சாதாரண உடுப்பில் பஸ்ஸில் வந்தவரைச் சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். பெயர் கிருஷ்ணகுமார், கையில் ஆமி அடையாள அட்டை. கள்ள அட்டையோடு வந்த புலி என்று நினைத்துக் காவலில் நின்ற பையன்களுக்கு ஒரே சந்தோசம், பெரிய மீன் மாட்டிவிட்டது என்று. முகாமுக்குப் போன் போட்டார்கள். "ஊதச் சொல்லிப் பாருங்கள், உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும்" என்றாராம் பேண்ட் மாஸ்டர். பியூகிள் இல்லை. நடுரோட்டில், பஸ்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, குமார் கையைச் சுருட்டி வாயில் வைத்துக் காலை எழுப்பும் ஊதலை முழுசாக வாயாலேயே ஊதிக் காட்டினார். பையன்கள் கால் சேர்த்து நின்றுவிட்டார்கள். பிறகு தேத்தண்ணி கொடுத்து மன்னிப்புக் கேட்டார்கள். "என்னை ரெண்டு வருஷம் உள்ளே போட்டிருந்தால்கூட நல்லது, முகாமுக்குத் திரும்ப வேண்டியிருந்திருக்காது" என்று குமார் அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டாயிரத்து எட்டு ஆரம்பத்தில் விஜயகலா பொறுமை இழந்தாள். கோகிலாவை இழுத்துக்கொண்டு முகாமுக்கே போனாள். வாசலில் இரண்டு மணி நேரம் நிற்கவைத்து, கடைசியில் ஒரு அதிகாரியிடம் அனுப்பினார்கள். விஜயகலாவின் சிங்களம் பால் நிறுக்கும் இடத்தில் கங்காணியோடு சண்டை போட்டுப் பழகிய சிங்களம். மரியாதை கொஞ்சம் குறைவு, ஆனால் எல்லாம் புரியும்.

"மகத்தயா, எங்கள் தோட்டத்தில் நேரத்துக்குமேல் பத்து நிமிசம் மரத்தடியில் நிற்கவைத்தால் யூனியன்காரர் வந்து கொடி பிடிப்பார். என் புருசனை ஒன்றரை வருசமாக நிற்கவைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு யூனியன் இல்லையா?"

அதிகாரி சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் பேனாவைத் திறந்து மூடினார்.

"யுத்தம் முடியட்டும் தங்கச்சி."

"அது எப்போது முடியும்?"

"பலமு" என்றார் அதிகாரி.

திரும்பி வரும் வழியில் அவள் காமில் கடைக்குப் போய் அழுதாள். காமில் சுவரில் இருந்த தன் கடிதத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். குற்ற உணர்ச்சியோ என்னவோ, அடுத்த லீவில் குமார் வந்தபோது ஒரு யோசனையோடு காத்திருந்தான்.

"நான் ஓடினதால எனக்கு லெட்டர் கெடச்சிச்சு. நீ ஓடாம இன்னமும் ஓடிட்டு ஈக்கிறாய். சொல்றதக் கேளு மச்சான். முன்பல்லு இல்லாதவன் பியூகிள் ஊத ஏலுமா?"

குமார் தன் பல்லை நாக்கால் தடவிப் பார்த்தார். நல்ல பல். கரும்பு கடிக்கும் பல்.

பஜாரில் பல் பிடுங்கும் ஒருவர் இருந்தார். எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டார். மேலே முன்னால் இரண்டும் என்றார் குமார். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "பாறை மாதிரி இருக்கே தம்பி" என்றார். "பாறைதான் வலிக்குது" என்றார் குமார். ஒரு மணி நேரம் வாதாடித்தான் பிடுங்கவைக்க முடிந்தது. வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தபோது கோகிலா பயந்து கத்தினாள். மூக்காயி, "என்னயவிட கெழவனாயிட்டியேடா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். விஜயகலா மட்டும் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, அன்றைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இரண்டு வருடத்தில் அவள் அவ்வளவு அன்பாக இருந்ததை நான் சுவர் வழியாகக் கேட்டதில்லை.

ஆற்றுப் பாறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று முகாமில் போய்ச் சொன்னார். பேண்ட் மாஸ்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கடிதம் எழுதி, ஆமி ஆஸ்பத்திரிக்கு ஜீப்பிலேயே ஏற்றி அனுப்பினார். கரண்ட் போனால் ஒரு மாதத்துக்குத் திருத்தாத, மழைக்கு ஒழுகும் கூரையை மூன்று வருடமாக மாற்றாத அதே ஆமி, நான்கே நாளில் குமாருக்குப் பொய்ப்பல் கட்டிக் கொடுத்துவிட்டது. முதல் நாள் ஊதியபோது சத்தம் முன்னைவிடச் சுத்தமாக வந்தது. பேண்ட் மாஸ்டர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

இதைக் காமில் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். குமாரும் கூடச் சிரிப்பார். ஆனால் அந்த நான்கு நாளைப் பற்றி வேறொன்றை என்னிடம் மட்டும் சொன்னார். பல் பார்க்கும் அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒரு பையன் இருந்தானாம். கீழ்த்தாடை பாதி இல்லை. ஸ்ட்ரோ வைத்து ஏதோ குடித்துக்கொண்டிருந்தான். எதிரே சக்கர நாற்காலிகள், அதில் இருந்தவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. பையன் குமாருடைய வாயைக் காட்டிக் கையால் கேட்டான், எங்கே அடிபட்டது என்று. குமாருக்குப் பாறை என்ற பொய் வரவில்லை. உண்மையும் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். பையன் அதைத் துக்கம் என்று நினைத்து முதுகில் தட்டிக் கொடுத்தானாம்.

"அந்தத் தட்டு இன்னும் முதுகுல இருக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் உடம்பை வைத்துத் தந்திரம் செய்யவில்லை. மனு எழுதுவதை மட்டும் விடவில்லை.

அந்த வருடக் கடைசியிலும் அடுத்த வருடத் தொடக்கத்திலும் செத்தவீடு நிற்கவே இல்லை. ஒரு நாளில் இரண்டு ஊர். லொறியில் உட்கார்ந்தபடியே தூங்கி, இறங்கி, ஊதி, ஏறித் தூங்குவார்கள். ஊதும்போது கத்தரிக்காயைப் பற்றி யோசிக்க அவரால் முடியாமல் போனது.

இரண்டாயிரத்து ஒன்பது பெப்ரவரியில் கஹவத்தைக்கு உள்ளே ஒரு கிராமம். இருபத்திரண்டு வயதுப் பையன். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சீல் வைத்திருந்தது. பிக்கு ஓதினார், வெடி தீர்த்தார்கள், குமார் ஊதினார், பெட்டியை இறக்கி மண்ணும் மூடியாயிற்று. லொறியில் ஏறப்போகும்போது ஒரு வேன் வந்து நின்றது. பையனுடைய அக்கா. குவைத்தில் வீட்டு வேலை செய்தவள். விமான நிலையத்திலிருந்து நேரே வந்திருந்தாள், கையில் இன்னும் பயணப்பை. மண்மேட்டைப் பார்த்து அப்படியே நின்றாள். அழவில்லை.

பையனின் அம்மா குமாரிடம் வந்தாள். "மகனே, இவளுக்காக இன்னொரு தடவை ஊதுவாயா?"

ஒரு சவத்துக்கு ஒரு தடவை என்பதுதான் முறை. கூட வந்த இளம் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தான். அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது, கூடாது என்று தலையை ஆட்டினான். குமார் அவனைப் பார்க்காத மாதிரி திரும்பி நின்று பியூகிளை எடுத்தார். இரண்டாவது அடியிலேயே பொய்ப்பல் கழன்றது. வாய்க்குள்ளே நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சு திணறி, கண்ணில் தண்ணீர் வழிய ஊதி முடித்தார். அங்கிருந்தவர்கள் எல்லாம், ஒரு தமிழ்ச் சிப்பாய் எங்கள் பையனுக்காக இப்படி அழுகிறானே என்று நெகிழ்ந்துபோனார்கள். பாதிதான் பல்லால் வந்த கண்ணீர் என்று குமார் என்னிடம் சொன்னார். மீதிப் பாதி எதனால் என்று நானும் கேட்கவில்லை. அக்கா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

அந்த அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"உன் காலம் எப்போது முடிகிறது மகனே?"

"முடிந்து இரண்டரை வருசம் ஆகிறது அம்மா."

"அப்படியென்றால் இப்போது நீ செய்வதெல்லாம் புண்ணியம்" என்றாள்.

இரண்டரை வருடமாக விடு விடு என்று கத்திக்கொண்டிருந்தவருக்கு அதைக் கேட்டதும் திருடிவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்ததாம். தேத்தண்ணியை மடமடவென்று குடித்துவிட்டு லொறியில் ஏறிக்கொண்டார். அனுமதியில்லாமல் ஊதியதற்காக இளம் அதிகாரி ஒரு வார லீவை வெட்டினான்.

மே மாதம் யுத்தம் முடிந்தது. பஜாரில் பட்டாசு வெடித்தார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் கொடுத்ததை வாங்கித் தின்றுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். விஜயகலா மட்டும் கதவைத் திறந்துவைத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூன் போனது, ஜூலை போனது. யுத்தம்தான் முடிந்துவிட்டதே என்று குமார் கேட்டதற்கு, வெற்றிக்கும் ஊத வேண்டாமா என்றார்கள். ஊர் ஊராக விழா. மாலை போட்டுக்கொண்ட பெரிய மனிதர்களுக்கு முன்னால் நின்று நவம்பர்வரை ஊதினார்.

நவம்பர் பத்தாம் திகதி அதே கிளார்க் கூப்பிட்டு விடுதலைப் பத்திரத்தைக் கொடுத்தான். குமார் நின்றபடியே படித்தார். கடைசி வரியில் கண் நின்றது. 'ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் தமது சுயவிருப்பின்பேரில் மூன்று வருடங்களும் மூன்று மாதங்களும் மேலதிகமாகச் சேவையாற்றினார்.'

"இது பிழை" என்றார்.

"அச்சடித்த படிவம் அப்படித்தான். திருத்தலாம். மேலே அனுப்பி, கையொப்பம் வாங்கி வர நாளாகும். அதுவரை நீ இங்கேதான் இருக்க வேண்டும்."

குமார் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினார்.

இந்தத் தடவை மாலை இல்லை, சேவலும் இல்லை. யாரும் நம்பியிருக்கவில்லை. தகரப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து மூக்காயி, "எத்தன நாளு லீவு?" என்று கேட்டாள். இனிமேல் லீவு இல்லை என்று விளங்கவைக்கவே அரை மணி நேரம் ஆனது. விஜயகலா அழுதாள், சிரித்தாள், தேத்தண்ணி போட்டாள். பிறகு ஆசையோடு அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்கினாள். சிங்களம் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். கடைசி வரிக்கு வந்ததும் முகம் மாறியது.

"என்னங்க இது, சுயவிருப்பம்னு போட்டிருக்கு?"

"அது சும்மா, படிவத்துல அப்பிடித்தான்..."

"நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு அந்தக் கேட்டுல நாய் மாதிரி நின்னேன். நீங்க உள்ளுக்குள்ள விருப்பப்பட்டு இருந்தீங்களா?"

இரண்டு நாள் அந்தக் காம்பராவில் பேச்சு இல்லை. சட்டி மட்டும் பேசியது. மூன்றாம் நாள் சாயங்காலம் குமார் தகரப் பெட்டியை வாசலுக்கு இழுத்துவந்து, தான் எழுதிய மனுக்களின் பிரதிகளைக் கட்டோடு எடுத்து அவள் மடியில் போட்டார். "படிச்சுப் பாரு. விருப்பமா இல்லையான்னு நீயே சொல்லு."

நாங்களும் கூடிவிட்டோம். விஜயகலா ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள், நான் தமிழில் சொன்னேன். முதல் மனுவில் ஒப்பந்தம், நியாயம், சட்டம். இரண்டாவதில் மனைவி படுத்த படுக்கை. விஜயகலா புருவத்தைத் தூக்கினாள். நான்காவதில் மண்சரிவில் வீடு போய்விட்டது. ஆறாவதில் அப்பாவுக்குக் கண் தெரியாது. புகைக்கூடத்துக் கண்ணோடு ஐயாவு, "அது பாதி நெசந்தான்" என்றார். ஏழாவதில் அவள் நிறுத்திவிட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் தாளை என்னிடம் நீட்டினாள். அம்மா காலமாகிவிட்டார், ஈமக்கிரியை செய்ய வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை என்று இருந்தது.

மூக்காயி எழுந்து நின்றாள். "என்னயக் கொன்னுட்டியாடா?"

"ஏழாவது மனுவில மட்டுந்தாம்மா."

"அதுக்குமா விடல?"

"மூணு நாள் லீவு குடுத்தானுக."

மூக்காயி விரல் விட்டு மாதத்தை எண்ணினாள். "போன வருசம் மாசியில வந்து, மூணு நாளும் நான் ஆக்கிப்போட்ட கருவாட்டுக் கொழம்பத் தின்னுட்டு, இன்னும் கொஞ்சம் ஊத்தும்மான்னு கேட்டியே, அது என் சாவு லீவாடா?"

"ஆமாம்மா."

விஜயகலா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அன்றைக்கு ராத்திரி சட்டி பேசவில்லை. அவர்கள்தான் பேசினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை குமார் காமிலுடைய மாமாவின் பஸ்ஸில் கண்டக்டராக ஏறினார். யட்டியாந்தோட்டைக்கும் புளத்கொகுபிட்டியவுக்கும் இடையே ஓடும் பஸ். முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம் நிறைய இருந்ததைப் பார்த்து மாமா, "தம்பி, இன்னொரு ட்ரிப் அடிச்சிட்டுப் போவமா?" என்றார்.

"அஞ்சு மணி வரைக்கும்னுதானே பேசினோம் மொதலாளி" என்றார் குமார். டிக்கட் பையைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார்.

எங்கள் தோட்டத்துப் பக்கம் வரும் கடைசி பஸ் அந்த இன்னொரு ட்ரிப்தான். ஆறு கிலோமீட்டரும் நடந்தே வந்து சேர்ந்தார்.